சிசேரியன் மேசையில் உதறும் உடம்பு: குளிரா, ஜன்னியா? யாரும் முன்பே சொல்லாத ஒரு விஷயம்

குழந்தை அழுதுவிட்டது. "பொண்ணு பொறந்திருக்காம்மா, பாருங்க" என்று சிஸ்டர் முகத்தருகே கொண்டுவந்து காட்டுகிறார். மேசையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்க ஆசை. ஆனால், கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தோள், கை, தாடை எல்லாம் வெடவெடவென்று உதறுகின்றன. பல் தந்தி அடிக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. இடுப்புக்கு மேலே எதுவும் ஒரு நிலையில் நிற்பதில்லை.

"சிஸ்டர், எனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, எல்லாருக்கும் வர்றதுதான்."

அந்தப் பதில் பெருமளவுக்கு உண்மைதான். ஆனால், அது வரும் நேரம்தான் சரியில்லை. எல்லாருக்கும் வருவது என்றால், முந்தைய நாளே ஏன் யாரும் சொல்லவில்லை? எல்லாருக்கும் வருவது என்றால், அதைக் குறைக்க முன்கூட்டியே என்ன செய்தார்கள்? சிசேரியன் பற்றிய பேச்சில் தையல், வலி, செலவு எல்லாம் வருகின்றன. இந்த உதறல் மட்டும் வருவதே இல்லை.

இது சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு எண்ணிக்கை பெரிது. தேசிய குடும்ப நல ஆய்வின் 5-வது சுற்றின்படி (2019-21), தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான். முந்தைய சுற்றில் அது 34.1 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். இந்திய அளவில் 21.5 சதவீதம். இந்த எண்ணிக்கை இவ்வளவு இருக்க வேண்டுமா என்பது தனி விவாதம். ஆனால், இத்தனை பெண்கள் அந்த மேசையில் படுக்கிறார்கள் என்றால், அங்கே அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது எல்லாருடைய விஷயம்.

எத்தனை பேருக்கு இது வருகிறது?

முதுகில் போடும் மரப்பு ஊசிக்குப் பிறகு நடுக்கம் வருவது பற்றி உலகின் பல இடங்களில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2008-ல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, நடுவே நின்ற எண் 55 சதவீதம். அதாவது, ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்கு. ஒவ்வொரு மருத்துவமனையிலும் அறையின் குளிர், கொடுக்கும் மருந்து, போர்த்தும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

சிலருக்கு லேசாகத் தோள் மட்டும் துடிக்கும். சிலருக்கு மேசையே ஆடும் அளவுக்கு இருக்கும். ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். குழந்தை வெளியே வந்த பிறகும் தொடங்கலாம். வார்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் தொடங்கலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

முதுகு ஊசி உடம்பில் என்ன செய்கிறது?

ஸ்பைனல் அனஸ்தீசியா புதிதல்ல. 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் இதை முதலில் செய்து காட்டினார். இன்று சிசேரியனுக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் இதுதான். கீழ் முதுகில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சில மில்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போகிறது. அம்மா விழித்திருப்பார், பேசுவார், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பார்.

நடுக்கத்தின் கதை அந்த மரப்பில்தான் தொடங்குகிறது. உடம்பின் உள்பகுதி, அதாவது மூளை, இதயம், குடல் இருக்கும் பகுதி, ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெளியே குளிர்ந்தால் மூளை முதலில் செய்யும் வேலை, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. மார்கழி விடியலில் விரல்கள் ஜில்லென்று ஆவது இதனால்தான். விரல் குளிர்ந்தாலும் பரவாயில்லை, உள்ளே சூடு தங்க வேண்டும் என்பது உடம்பின் கணக்கு. அதற்கும் மேல் குளிர்ந்தால் தசைகளை உதறவைத்துச் சூடு உண்டாக்கும்.

மரப்பு ஊசி வலி நரம்புகளை மட்டும் நிறுத்துவதில்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்கச் சொல்லும் நரம்புகளையும் நிறுத்திவிடுகிறது. உடனே கால்களில் உள்ள குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருந்த சூடான ரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. "காலெல்லாம் கதகதன்னு ஆகுது டாக்டர்" என்று பல பெண்கள் ஊசி போட்டதுமே சொல்வது இதைத்தான். கால் சூடாவது நல்லதுபோலத் தோன்றும். உண்மையில் அது உள்ளே இருந்த சூடு இடம் மாறுவதுதான். உள்பகுதி அந்த அளவுக்குக் குளிர்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் வெப்பம் குறைவதற்கு முக்கியக் காரணமே இந்த இடமாற்றம்தான்.

அதற்கு மேல் மற்றவை சேர்கின்றன. ஏசி காற்று, வயிற்றில் தடவும் கிருமிநாசினி ஆவியாவது, திறந்திருக்கும் வயிறு, பனிக்குட நீரில் நனைந்த துணி, கையில் ஏறும் டிரிப்ஸ். அறையின் குளிரிலேயே இருக்கும் ஒரு லிட்டர் டிரிப்ஸ் ஏறினால், உடம்பின் சராசரி வெப்பம் கால் டிகிரி அளவுக்குக் குறையும். சிசேரியனில் ஒரு லிட்டருக்கு மேல் ஏறுவது சாதாரணம்.

ஏன் மேல் உடம்பு மட்டும் உதறுகிறது?

சூடு இறங்குவதை மூளை கண்டுபிடித்ததும் தசைகளுக்கு உத்தரவு போகிறது. ஆனால், கால், இடுப்புத் தசைகளுக்குப் போகும் வழி மரப்பில் அடைபட்டிருக்கிறது. உத்தரவு போய்ச் சேர்வது தோள், கை, கழுத்து, தாடைக்கு மட்டும்தான். முழு உடம்பும் பகிர்ந்து செய்ய வேண்டிய வேலையை மேல் பாதி மட்டும் செய்கிறது. அதனால்தான் அது அவ்வளவு வேகமாகத் தெரிகிறது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. உடம்பு உதறும், ஆனால், "குளிருதாம்மா?" என்று கேட்டால் "இல்லையே" என்று பதில் வரலாம். கால் தோல் சூடாக இருப்பதால் மூளை ஏமாறுகிறது. மரப்பு ஊசி, குளிரை எதிர்க்கத் தொடங்கும் அளவையே அரை டிகிரிக்கு மேல் கீழே இறக்கியும் விடுகிறது. அதாவது, உடம்பு தாமதமாகத்தான் விழித்துக்கொள்கிறது. எனவே, நடுங்காத பெண்ணின் உடம்பு குளிரவில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது. தெர்மாமீட்டர் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு மானிட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். முதுகு ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷன்களில் பெரும்பாலும் விட்டுப்போவது உடம்பின் வெப்பம்தான்.

குளிர் மட்டும்தான் காரணமா?

இல்லை. ஊசியே போடாத சுகப்பிரசவத்துக்குப் பிறகும் பல பெண்களுக்கு நடுக்கம் வருகிறது. பயம், பதற்றம், களைப்பு இவற்றுக்கும் பங்கு உண்டு. ரத்தப்போக்கைத் தடுக்கக் கொடுக்கும் மருந்துகளில் மிசோபுரோஸ்டால் நடுக்கத்தையும் காய்ச்சலையும் உண்டாக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். எனவே, எவ்வளவு கதகதப்பாக வைத்தாலும் சிலருக்கு உதறல் வரத்தான் செய்யும். ஆனால், "எப்படியும் வரும்" என்பது "எதுவும் செய்ய வேண்டாம்" என்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

இதனால் ஆபத்து உண்டா?

ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு இந்த நடுக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால், ஆபத்தில்லை என்பதும் பாதிப்பில்லை என்பதும் ஒன்றல்ல.

முதலாவது, நடுங்கும் தசைகள் சும்மா இருக்கும் தசைகளைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை எரிக்கின்றன. இதயம் அதற்கு ஈடுகொடுத்து ஓட வேண்டும். இதயக் கோளாறு உள்ளவருக்கும் கடுமையான ரத்தசோகை உள்ளவருக்கும் அது கூடுதல் சுமை. இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தசோகை இருப்பதாக அதே தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது.

இரண்டாவது, கை உதறினால் கருவிகள் குழம்பும். ரத்த அழுத்தப் பட்டை மறுபடி மறுபடி இறுக்கிப் பார்த்து, அளவு காட்டாமல் விட்டுவிடும். விரல் நுனியில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டரும் இசிஜி கோடும் தாறுமாறாக ஓடும். முதுகு ஊசிக்குப் பிறகு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது சகஜம். சரியாகக் கவனிக்க வேண்டிய நேரமும் அதுதான்.

மூன்றாவது, உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் திறன் குறையும். குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரிடம் நடந்து, 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், குளிரவிடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. சிசேரியன் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிவது என்பதால் அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால், ஆபரேஷன் மேசையில் குளிர் என்பது வெறும் சௌகரியக் குறைவு அல்ல என்பதை அது காட்டியது.

நான்காவதுதான் எந்தக் கருவியிலும் தெரியாதது. பத்து மாதம் காத்திருந்து வந்த அந்த நிமிடத்தில், குழந்தையைக் கையில் வாங்கப் பயம். "கீழ போட்டுருவேனோ" என்ற பயம். தனக்கு ஏதோ விபரீதம் நடக்கிறது, இவர்கள் மறைக்கிறார்கள் என்ற பயம். வெளியே கணவரும் மாமியாரும் இனிப்பு வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அவர் தனியாக உதறிக்கொண்டிருக்கிறார். பிறகு பிரசவத்தைப் பற்றிக் கேட்டால், வெட்டியதைவிட அந்த நடுக்கம்தான் ஞாபகம் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு.

தியேட்டர் ஏசி யாருக்காக?

ஆபரேஷன் தியேட்டர்களுக்கு இந்தியாவின் தர அங்கீகார அமைப்பான என்ஏபிஎச் சொல்லும் வெப்பநிலை 21 டிகிரி, அதற்கு மேலோ கீழோ 3 டிகிரி. அதாவது, 18 முதல் 24 வரை. பிறந்த குழந்தையைக் காக்க உலக சுகாதார நிறுவனம் பிரசவ அறைக்குச் சொல்லும் அளவோ 25 டிகிரிக்குக் குறையாத வெப்பம். ஆக, குழந்தை லேபர் வார்டில் பிறந்தால் ஒரு கணக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் தியேட்டரில் பிறந்தால் வேறு கணக்கு. பிறப்பது என்னவோ அதே ஈரமான, மூன்று கிலோ குழந்தைதான்.

குளிருக்கும் காரணம் இருக்கிறது. கவுன், மாஸ்க், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பளீர் விளக்கின் கீழ் நிற்கும் சர்ஜனுக்கு 25 டிகிரியில் வியர்த்துக் கொட்டும். நெற்றி வியர்வை காயத்தில் விழக் கூடாது, கை வழுக்கக் கூடாது. அவருடைய சங்கடம் பொய்யல்ல. ஆனால், அந்த அறையில் இருப்பவர்களிலேயே குறைந்த துணியோடு, நனைந்த உடம்போடு, நகர முடியாமல் படுத்திருப்பவர் ஒருவர்தான். ஏசி ரிமோட்டைக் கேட்கும் இடத்தில் அவர் இல்லை.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே வழி இருக்கிறதா என்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார்கள். சிசேரியன் தியேட்டரை 20 டிகிரியில் சில வாரங்கள், 23 டிகிரியில் சில வாரங்கள் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். சுமார் 800 பிரசவங்கள். 2016-ல் முடிவு வெளியானது. 20 டிகிரியில் பிறந்த குழந்தைகளில் 50 சதவீதம் பேருக்கு உடம்பு குளிர்ந்திருந்தது. 23 டிகிரியில் அது 35 சதவீதம். ஓரளவு கடுமையான குளிர்ச்சி 19 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. குழந்தைகளின் மற்ற உடல்நலச் சிக்கல்களில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

அம்மாக்கள்? உடம்பு குளிர்ந்தவர்கள் 77 சதவீதத்திலிருந்து 69 சதவீதமாகக் குறைந்தார்கள். அவ்வளவுதான். இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ரிமோட்டில் மூன்று டிகிரி ஏற்றுவதே பலன் தருகிறது. ஆனால், அம்மாவுக்கு அது மட்டும் போதாது. அவருடைய சூடு வெளியே போவதைவிட உள்ளேயே இடம் மாறுவதுதான் பிரச்சினை என்பதால், அவரை நேரடியாகக் கதகதப்பாக்க வேண்டும்.

என்ன செய்தால் குறையும்?

சிசேரியனின்போது பெண்ணைக் கதகதப்பாக வைப்பது பற்றி நடந்த 13 ஆய்வுகளை, மொத்தம் 789 பெண்களின் விவரங்களை, 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். கதகதப்பாக வைத்தவர்களுக்கு வெப்பம் குறைவது மட்டுப்பட்டது, நடுக்கமும் குறைந்தது, உடம்புக்கு இதமாக இருந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். இதற்கான வழிகள் எவையும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல.

* சூடேற்றிய டிரிப்ஸ்: பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021-ல் வெளியிட்ட சிசேரியன் வழிகாட்டுதலில், 500 மில்லி அல்லது அதற்கு மேல் ஏற்றும் டிரிப்ஸையும் ரத்தத்தையும் 37 டிகிரிக்குச் சூடேற்றித் தர வேண்டும் என்கிறது. வயிற்றைக் கழுவும் நீர் 38 முதல் 40 டிகிரியில் இருக்க வேண்டும்.

* சூடான காற்றுப் போர்வை: குழாய் வழியாக இதமான காற்றை நிரப்பும் மெல்லிய போர்வை இது. நடுங்கும், குளிர்கிறது என்று சொல்லும், அல்லது 36 டிகிரிக்குக் கீழே போன பெண்களுக்கு இதைக் கொடுப்பது பற்றி யோசியுங்கள் என்கிறது அதே வழிகாட்டுதல். நடுக்கம் வந்த பிறகு போர்த்துவதைவிட, ஊசிக்கு முன்பே தொடங்கினால் கால்களும் சூடாக இருக்கும். உள்ளேயிருந்து இறங்கும் சூடும் குறையும்.

* அறை வெப்பம்: போர்வை, டிரிப்ஸ் சூடு, அறை வெப்பத்தைக் கூட்டுவது ஆகிய மூன்றையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது, ஆபரேஷனுக்குப் பின் விரைவாக மீள்வதற்கான ஈராஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட சிசேரியன் வழிகாட்டுதல்.

* உலர்ந்த துணி: நனைந்த விரிப்பை உடனே மாற்றுவது, மார்பையும் தோளையும் தலையையும் மூடிவைப்பது, வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கனமான போர்வை. பெரிய கருவி இல்லாத மருத்துவமனையிலும் முடிகிற காரியங்கள்.

குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மனியில் 40 பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், பிறந்ததும் குழந்தையை அம்மாவின் மார்பில் தோலோடு தோல் சேர்த்துப் போட்டார்கள். சூடான காற்றுப் போர்வை இல்லாத குழுவில் 81 சதவீதக் குழந்தைகளின் உடம்பு குளிர்ந்தது. போர்வை இருந்த குழுவில் 5 சதவீதம்தான். குளிர்ந்த மார்பு குழந்தைக்குச் சூடு தராது. குழந்தையைக் காக்க நினைத்தால் அம்மாவையும் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை.

மருந்து கிடையாதா?

இருக்கிறது. பெத்திடின், டிரமடால், ஆன்டான்செட்ரான், டெக்ஸ்மெடெடோமிடின் போன்ற மருந்துகள் நடுக்கத்தை நிறுத்தவோ தடுக்கவோ உதவும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதுகு ஊசியிலேயே சிறிதளவு ஃபென்டனில் சேர்ப்பதும் உண்டு. ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. சிலவற்றால் வாந்தி வரும், சிலவற்றால் தூக்கக் கலக்கம் வரும், சிலவற்றால் நாடித்துடிப்பு குறையும். எதை, எப்போது, எவ்வளவு என்பதை மயக்க மருந்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். போர்வைக்கும் சூடான டிரிப்ஸுக்கும் அப்படிப்பட்ட பக்கவிளைவுகள் இல்லை. அதனால், முதலில் கதகதப்பு, தேவைப்பட்டால் மருந்து என்ற வரிசைதான் நியாயமானது.

"அப்படின்னா முழு மயக்கம் கொடுத்துடலாமே" என்று தோன்றலாம். வேண்டாம். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் பொருத்துவது கர்ப்பிணிகளுக்குச் சிரமமான காரியம். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு. அதிலும் விழிக்கும்போது நடுக்கம் வரும். நடுக்கத்துக்குப் பயந்து முதுகு ஊசியை மறுப்பது, தூறலுக்குப் பயந்து வெள்ளத்தில் இறங்குவதுபோல.

ஜன்னி என்று பயப்படுவது சரியா?

பிள்ளை பெற்றவர் பச்சை உடம்புக்காரர். அவர் நடுங்கினால் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் வரும் வார்த்தை "ஜன்னி". அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்றால் காய்ச்சலும் குளிரும் வந்து பெண்கள் இறந்துபோன காலத்தின் ஞாபகம் அது. ஆனால், தியேட்டரிலும் அதற்கடுத்த சில மணி நேரத்திலும் வரும் நடுக்கம் பொதுவாக அது அல்ல.

வித்தியாசம் எப்படித் தெரியும்? ஸ்பைனல் நடுக்கத்தில் பெண் முழு நினைவோடு இருப்பார், கேட்டால் பதில் சொல்வார். நினைவு தப்பி, கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தால் அது வலிப்பு. அது வேறு, உடனடி அவசரம். ரத்தம் ஏற்றும்போது புதிதாக நடுக்கமோ காய்ச்சலோ அரிப்போ வந்தால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். பிரசவமாகி ஒன்றிரண்டு நாள் கழித்து, அல்லது வீட்டுக்குப் போன பிறகு, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு குளிர் வந்தால், வயிற்று வலி, நாற்றமுள்ள போக்கு, தையலில் சீழ், அதிக ரத்தப்போக்கு, மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது "சிசேரியன்னா நடுங்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கை உறவினர்களுக்கு. நடுங்குகிறாரே என்று வெந்நீர்ப் பையையோ வெந்நீர் பாட்டிலையோ கால்மாட்டில் வைக்காதீர்கள். கால் மரத்திருக்கிறது, சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். போர்வை போதும்.

முன்பே கேட்க வேண்டியவை

சிசேரியன் என்று முடிவானால், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து பேசுவார். அந்தச் சில நிமிடங்களில் கேட்கலாம்:

* ஊசிக்குப் பிறகு நடுக்கம் வந்தால் என்ன செய்வீங்க?
* டிரிப்ஸைச் சூடேற்றித் தருவீங்களா?
* எனக்குப் போர்த்த சூடான போர்வை இருக்கா?
* நடுவுல என் உடம்பு வெப்பத்தை அளப்பீங்களா?
* நடுங்கிக்கிட்டிருந்தாலும், சிஸ்டர் பிடிச்சுக்கிட்டா குழந்தையை என் மார்பில் வைக்கலாமா?

ஏற்கெனவே ஒரு சிசேரியனில் கடுமையாக நடுங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு, தைராய்டு, ரத்தசோகை இருந்தால் அதையும் நினைவூட்ட வேண்டும். அவசர சிசேரியனில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அதனால்தான், எட்டாவது ஒன்பதாவது மாதச் செக்கப்பிலேயே இதைப் பேசிவிடுவது நல்லது. சுகப்பிரசவம்தான் எதிர்பார்க்கப்படுகிறது என்றாலும் பேசலாம். இரண்டில் ஒரு பிரசவம் சிசேரியனாக முடியும் மாநிலத்தில் அது அபசகுனம் அல்ல, தயாரிப்பு.

பொறுப்பு யாருடையது?

ஆனால், கேட்டால்தான் கிடைக்கும் என்பது நல்ல ஏற்பாடு அல்ல. நிறைமாதத்தில், பயத்தோடு, பச்சை கவுனில் படுத்திருக்கும் பெண்தான் போர்வைக்கும் டிரிப்ஸ் சூட்டுக்கும் வாதாட வேண்டுமா? அதைக் கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்து, தெரியாதவருக்குக் கிடைக்காமல் போவதா?

லேபர் ரூமையும் மகப்பேறு ஆபரேஷன் தியேட்டரையும் மேம்படுத்த மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் லக்ஷ்யா திட்டத்தைத் தொடங்கியது. தாயின் உடல் வெப்பத்தை அளந்து எழுதுவது அன்றாடப் பழக்கமாக வேண்டும் என்றால், அதற்குப் பொருத்தமான இடம் இப்படிப்பட்ட தரத் திட்டங்கள்தான். அளக்கத் தொடங்கினால் குளிர் தெரியும். தெரிந்தால் யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் மருத்துவமனைகளுக்கோ டிரிப்ஸ் சூடேற்றும் கருவி ஒரு செலவே அல்ல.

அதற்கெல்லாம் முன்னால், காசே இல்லாத ஒரு சிகிச்சை இருக்கிறது. ஊசி போடும் முன் சொல்லும் இரண்டு வரிகள்: "அம்மா, கொஞ்ச நேரத்துல கை, தோள் எல்லாம் உதறலாம். பாதிப் பேருக்கு வரும், பயப்படாதீங்க. வந்தா சொல்லுங்க, நாங்க பார்த்துக்கறோம்." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. நடுக்கம் அதனால் நின்றுவிடாது. ஆனால், அந்தப் பெண் தன் உடம்பைப் பார்த்தே பயந்துபோவது நிற்கும்.

எல்லா சிசேரியன் தியேட்டரிலும் மேசைக்குப் பக்கத்தில் குழந்தைக்கான வார்மர் முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டு, சிவப்பு வெளிச்சத்தில் சூடாகக் காத்திருக்கும். யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அந்தக் குழந்தையைப் பெற்றவருக்கும் அதே அறையில் கொஞ்சம் கதகதப்பு காத்திருக்க வேண்டும்.